நாற்பத்தெட்டு இடது கிளிகள்

செம்பாறைப்பாளையத்தில் இது தொடங்கியது மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு. இல்லை, பத்தரை என்று சாதிக்கிறவர்களும் அந்த ஊரில் உண்டு, அவர்களோடு யார் மல்லுக்கட்டுவது. போர்வைக் கம்பெனியின் கடைசி மேசையில் உட்கார்ந்து, தலைகீழாக வைத்துத் தைத்திருந்த ஒரு பச்சைத் துண்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு சாந்தாமணி பிரித்தெடுத்தாள். அதே நிமிஷத்தில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கும் பழனாண்டி டீக்கடையின் பெயர்ப்பலகை, ஆணி அசையாமல் கம்பி அவிழாமல், தானாகத் தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. பழனாண்டி வெளியே வந்து பார்த்தார். ஏணி போட்டு ஏறி நேராக மாட்டினார். இறங்கி நிமிர்ந்தால் மறுபடியும் தலைகீழ். பால் பொங்குகிற சத்தம் கேட்டதும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று உள்ளே போய்விட்டார்.

கரூரைச் சுற்றியுள்ள பல ஊர்களைப் போல அந்த ஊருக்கும் பிழைப்பு துணிதான். கம்பெனியில் தைப்பது ஒட்டுப்போர்வை, சீட்டில் குயில்ட் என்று எழுதுவார்கள்; சதுரம், முக்கோணம், இலை, பூ, கிளி என்று வெட்டிய துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து, அடியில் பஞ்சு வைத்துத் தைத்து, கடல் தாண்டிக் குளிர்நாட்டுக்காரர்கள் போர்த்திக்கொள்ள அனுப்புவார்கள். பதினான்கு பெண்கள் மிஷினில் உட்கார்ந்து தைப்பார்கள், பதினான்கு பேரும் தப்புத் தைப்பார்கள், ஒருத்தியாவது நான்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டுமே! "நான் தைக்கலீங்க" என்பதுதான் அங்கே காலை வணக்கம், அதுதான் சாயங்காலம் விடைபெறுகிற வார்த்தையும். யாருமே தைக்காத அந்தத் தப்புகளெல்லாம் ஒன்றுவிடாமல் கடைசி மேசைக்கு வந்து சேரும். அது ஆல்ட்ரேஷன் மேசை. இருபத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து, விட்டுப்போன தையலைப் பிடித்து, சுருங்கிய இடத்தை நீவி, இடம் மாறிய துண்டைப் பிரித்து மாற்றி, அடுத்தவர்கள் செய்ததைச் சரி செய்தே கண்ணும் கழுத்தும் போனவள் சாந்தாமணி. அவளுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் தப்புதான் கண்ணில் படும். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளை மாலையின் இரண்டு பக்கமும் ஒரே நீளமில்லை என்பதைப் பார்த்துவிட்டு, அட்சதை போடக் கை வராமல் நிற்பாள்.

வாயைத் திறக்காமல் பிரிக்கவும் அவளுக்குத் தெரியாது. நூல் வெட்டுகிற டிரிம்மர் தையலுக்கு அடியில் நுழையும்போதே வாயில் யாராவது ஒருவர் அகப்படுவார். அன்றைக்கு அகப்பட்டவர் பழனாண்டி. "இந்தப் பழனாண்டி கடை டீயைக் குடிச்சா நாக்கு தலைகீழாத்தான் போகோணும்" என்று அவள் சொல்லிக்கொண்டே பிரித்ததைப் பக்கத்து மிஷின் பூவாயி கேட்டிருக்கிறாள். மறுநாள் எட்டாம் நம்பர் பஸ் ஓட்டுகிற உள்ளூர்க்காரரைப் பேர் சொல்லி வைதுகொண்டே விட்டுப்போன தையலைப் பிரித்தாள். பஸ் மூன்று நிறுத்தங்களை விட்டுவிட்டு நேரே கரூரில் போய் நின்றது. நிறுத்தங்கள் எங்கே என்று கேட்டவர்களிடம் டிரைவர், நானும் அதைத்தான் தேடுகிறேன் என்றாராம். வெள்ளிக்கிழமை கிழக்கு வீதி ஓர்ப்படிகள் இரண்டு பேரையும் சேர்த்து முணுமுணுத்தபடி இடம் மாறிய இரண்டு துண்டுகளைப் பிரித்தாள். ஒரு வீட்டில் கொதித்த குழம்பு அடுத்த வீட்டுச் சட்டியில் இருந்தது. அதில் ஒருத்தியின் வீட்டுக்காரர் வாய்விட்டுப் பாராட்டி இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டதால் வந்த சண்டை தனிக்கதை, அது நமக்கு வேண்டாம்.

கண்டுபிடித்தவர் நாட்ராயன். வாய்க்காலில் மடை திறந்து, இன்ன தோட்டத்துக்கு இன்ன நாள் தண்ணீர் என்று முறை வைத்துக் கொடுக்கிறவர் அவர். ஒரு நாள் காலையில் அவர் வீட்டு வாசல் சிமெண்டுத் தரை, கொசுவம் வைத்த சேலை மாதிரி சுருங்கிக் கிடந்தது. தடுக்கி விழுந்து எழுந்தவர், முட்டியைத் தடவிக்கொண்டு நேரே கம்பெனிக்கு வந்தார்.

"ஏனம்மிணி, நேத்து எம் பேரை எதுக்கு எடுத்தே?"

"நான் எங்கீங்க எடுத்தேன்?"

"எடுத்தீங்கக்கா," என்றாள் பூவாயி, நூலைக் கடித்துக்கொண்டே. "அந்த நாட்ராயன் தண்ணி உடற லட்சணத்துக்கு வாழை சுருங்காம என்ன பண்ணும்னு சொன்னீங்க. கையில சுருக்கம் உளுந்த துணி இருந்துச்சு."

அப்படித்தான் தெரிந்தது. பிரிக்கிற தப்பு ஒழிவதில்லை. பிரிக்கும்போது யார் பெயர் சொல்லப்படுகிறதோ அவர் வீட்டுக்குப் போகிறது, ஒரு நாள் இருக்கிறது, மறுநாள் வெயில் ஏறியதும் போய்விடுகிறது. பெயர் சொல்லாமல் பிரித்துப் பார்த்தாள் சாந்தாமணி. நூல் இரும்புக் கம்பி மாதிரி நின்றது, டிரிம்மர்தான் முனை மழுங்கியது. பட்டப்பெயர் சொல்லிப் பார்த்தார்கள். போன தப்பு வீடு தெரியாமல் சுற்றிவிட்டு மறுநாள் போர்வைக்கே திரும்பி வந்தது. போர்வை வாங்குகிற வெள்ளைக்காரர் பெயரைச் சொல்லிவிடலாமே என்று சூப்பர்வைசர் ஒரு யோசனை சொன்னார். அந்தப் பெயரை சாந்தாமணி சொன்ன விதத்தில் அது யாருடைய பெயராகவும் இல்லாமல் போய், அதுவும் திரும்பி வந்தது. ஆக, ஊருக்குள் இருக்கிற ஆள், உள்ள பெயர், பிரிக்கிறவள் வாய் என்று மூன்றும் சேர்ந்தால்தான் தையல் விடும்.

ஊர் பிள்ளையார் கோயில் முன்னால் கூடியது. இது எதனால் வந்தது என்று ஒருவர் கேட்டார். இருந்த வேலையில் அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பிரிக்காமலே அனுப்பிவிட்டால் என்ன என்றார் இன்னொருவர். அனுப்பினால் அத்தனையும் திரும்பி வரும், கம்பெனிக்குப் பூட்டு விழும், அப்புறம் தைக்கிறவள், மடிக்கிறவள், பஞ்சு அடைக்கிறவன் எல்லோரும் உங்கள் வீட்டு வாசலில் வந்து உட்காரட்டுமா என்று பூவாயி கேட்டதும் அவர் அடங்கிவிட்டார். கடைசியில் நாட்ராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தண்ணிக்கு முறை வெக்கறோமல்லோ, அதே முறைதான் இதுக்கும்" என்றார். மேற்கு வீதியில் தொடங்கி வரிசையாக வீட்டுக்கு ஒரு நாள், ஒரு தப்பு. பிள்ளை பெற்ற வீட்டுக்கும் இழவு விழுந்த வீட்டுக்கும் கிடையாது. முறை வந்த வீட்டு வாசலில் ஒரு பச்சைத் துணி கட்டிவிட வேண்டும், விருந்தாளி பார்த்துப் புரிந்துகொண்டு போய்விடுவான்.

இவ்வளவுதான். ஒரு மாதத்துக்குள் ஊருக்கு அது பழகிப்போயிற்று. கழுதை, பழகாமல் என்ன செய்யும், மின்வெட்டு பழகவில்லையா! பச்சைத் துணி கட்டிய வீட்டில் தோசை ஒரு பக்கம் மட்டுமே வெந்தது, கடிகாரம் ஏழுக்கு அப்புறம் ஒன்பது அடித்தது, மாமியார் கோலம் போட மருமகள் அதட்டினாள், மறுநாள் எல்லாம் பழையபடி ஆனது. நாட்ராயன் தினமும் காலையில் மஞ்சப்பையோடு கம்பெனிக்கு வந்து முறைவீட்டுக்காரர் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். அவர் பின்னாலேயே ஊரும் வரத் தொடங்கியதுதான் சாந்தாமணியால் தாங்க முடியவில்லை. எனக்கு நாளைக்கு மாவாட்ட வேண்டும், தலைகீழ் தப்பு வேண்டாம், சுருக்கமாகக் கொடு என்பாள் ஒருத்தி. நாத்தனார் வருகிறாள், விட்டுப்போன தையலாகப் பார்த்துக் கொடுத்தால் எங்கள் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்று கெஞ்சுவாள் இன்னொருத்தி. போன தடவை கொடுத்த தப்பு சரியாக வேலை செய்யவில்லை என்று சண்டைக்கு வந்த ஆளும் உண்டு. "தப்புலயும் தப்புக் கண்டுபுடிக்கறீங்களே, நீங்கெல்லாம் மனுசங்களா?" என்று அவள் கத்துவாள். கத்தினால் போவார்களா? நாளைக்கு வருகிறோம் என்பார்கள்.

சாந்தாமணியின் மேசைக்கு அடியில் நாற்பத்தெட்டுப் போர்வைகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்ததை மட்டும் யாரும் பேசுவதில்லை. ஏனென்றால் அது அவள் வீட்டுக்காரர் சங்கதி.

அவள் வீட்டுக்காரர் குழந்தைவேலு அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அதிகம் பேசாத மனுஷன். கத்தரியை எடுத்தால் காகிதத்தில் கோடு போட்ட மாதிரி வெட்டுவார், கீழே வைத்தால் உப்பு டப்பாவை மூட மாட்டார், மோட்டாரை நிறுத்த மாட்டார், ஈரத்துண்டை நாற்காலியில் போடுவார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து சாந்தாமணி அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. அந்தப் பெயரில் குழந்தையும் இருக்கிறது, வேலும் இருக்கிறது என்பதால் பெற்ற மகனையே பொடுசு என்றுதான் கூப்பிட்டு வளர்த்தாள். கோயிலில் முருகன் கையில் இருப்பதைக் காட்டி, "அந்தக் கூரா இருக்கறது" என்பாள். பெயர் சொல்லாவிட்டால் என்ன, மற்றதெல்லாம் சொன்னாள். இருபத்துநான்கு வருஷமாக நாளுக்கு நூறு தடவை அவரைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

தை மாதக் கடைசியில் வந்த ஆர்டரில் போர்வைக்கு நடுவே இரண்டு கிளிகள், ஒன்றையொன்று பார்த்தபடி. அச்சுத்துணியில் வெட்டுகிற கிளி. துணியின் அச்சுப் பக்கங்களை முகத்துக்கு முகம் வைத்து அடுக்கி வெட்டினால் இடதும் வலதும் ஜோடியாக வரும், எல்லா மடிப்பையும் முகம் மேலே பார்க்க அடுக்கினால் அத்தனை கிளியும் ஒரே பக்கம்தான் பார்க்கும். அன்றைக்கு சூப்பர்வைசர் லீவு. வெட்டுச் சீட்டை சாந்தாமணிதான் எழுதினாள். "முகத்துக்கு முகம் போட வேண்டாமா?" என்று குழந்தைவேலு கேட்டதற்கு, சீட்டில் எழுதினபடி வெட்டுங்கள் என்றாள். வெட்டினார். தைத்து முடித்துப் பார்த்தால் நாற்பத்தெட்டுப் போர்வையிலும் இரண்டு கிளியும் இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன, பின்னால் இருப்பது முன்னால் இருப்பதன் வாலைப் பார்த்தபடி.

"இந்த மனுசன் வாழ்க்கையில ஒரு துண்டை ஒழுங்கா வெட்டுனதில்லை" என்று பதினான்கு பெண்கள் முன்னால் சொல்லிவிட்டாள் சாந்தாமணி.

உப்பு டப்பாவைச் சொல்லியிருந்தால் அவர் பேசாமல் இருந்திருப்பார். மோட்டாரைச் சொல்லியிருந்தாலும் இருந்திருப்பார். வெட்டைச் சொல்லிவிட்டாள். குழந்தைவேலு கத்தரியை மேசையில் வைத்தார், வெளியே போனார், வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் காலை விட்டுக்கொண்டு போனவர் வீட்டுக்கும் வரவில்லை, கம்பெனிக்கும் வரவில்லை; அப்புறம் சூப்பர்வைசர்தான் எதையோ வெட்டி ஒப்பேற்றினார். போகிற வேகத்தில் இடது காலில் தன்னுடையதையும் வலது காலில் அவளுடையதையும் மாட்டிக்கொண்டு போய்விட்டார். மீதியிருந்த ஒற்றைகளை, தன் இடதையும் அவருடைய பெரிய வலதையும், மாட்டிக்கொண்டு ஊர் பார்க்க வீட்டுக்கு நடந்து வந்தாள் சாந்தாமணி. கோபித்துக்கொண்டு போகிற மனுஷன் செருப்பையாவது சரியாகப் போட்டுக்கொண்டு போகக்கூடாதா! அந்த ஜோடியில்லாத இரண்டும் மூன்று மாதமாக அவள் வாசலிலேயே கிடக்கின்றன.

அவர் போனது தூரமும் இல்லை. தம்பி வீட்டுக்கு, அது இவர்கள் வீட்டுக்கு நேர் பின்னால், அடுத்த வீதியில், இரண்டு வீட்டுப் புழக்கடைக்கும் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது இவளுக்குக் கேட்கும். இவள் பாத்திரம் கழுவிக்கொண்டே சுவரைப் பார்த்துத் திட்டுவது அவருக்குக் கேட்கும். டப்பாக்கள் மூடியிருந்தன, துண்டு கொடியில் காய்ந்தது, வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது, அவளால்தான் இருக்க முடியவில்லை. அவர் இல்லாதது அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. அதைவிடக் கஷ்டம், அன்றைக்குச் சாயங்காலமே அந்த வெட்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தது. முகம் மேலே, முகம் மேலே, முகம் மேலே என்று மூன்று இடத்தில் அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது. அதை நாலாக மடித்து, கம்பெனி மேசையில் இருந்த பொத்தான் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அவர் போன மறுவாரம்தான் பழனாண்டி கடைப் பலகை திரும்பியது.

வைகாசியில் மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டார்கள். அந்த வாரமே நாற்பத்தெட்டுப் போர்வைக்கும் கெடு வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் கண்டெய்னர் கிளம்புகிறது, இவை போகவில்லை என்றால் அடுத்த ஆர்டரே கிடையாது என்றார் சூப்பர்வைசர். புதன்கிழமை காலையில் நாட்ராயன் வந்து நின்றார், ஊரில் பாதி அவர் பின்னால் நின்றது.

"கம்பம் நட்டாச்சு அம்மிணி," என்றார். "நோம்பி முடியற மட்டும் ஊருக்குள்ள முறை கெடையாது. தப்புப் பண்ணாத எந்த ஊட்டுக்கும் தப்பு அனுப்பக்கூடாது. ஆத்தா கோவிச்சுக்குவா."

"அப்ப நாப்பத்தெட்டையும் என்ற தலையிலயா கொட்டிக்கறது?"

"அதுக்குத்தான் பேசிட்டு வந்தோம். யாரு தப்போ, அவிய ஊட்டுக்கே எல்லாம் போகட்டும். ஒரு தப்புக்கு ஒரு நாள். நாப்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம். யாரு தப்புன்னு நீதான் அன்னிக்கே சொல்லிப்போட்டயே. அவரு இருக்கற தம்பி ஊடு ஒண்ணும் ஊருக்கு வெளியில இல்லையே. பேரைச் சொல்லிப் பிரி."

"பேரையா?" என்றாள் பூவாயி. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பதினான்கு பெண்களும் திரும்பி உட்கார்ந்தார்கள். சாந்தாமணி வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து ஊரில் யாரும் கேட்டதில்லை.

சாந்தாமணி முதல் போர்வையை எடுத்து மேசையில் விரித்தாள். முன்னால் இருந்த கிளியின் காலடியில் டிரிம்மரை நுழைத்தாள். கட்டிங் மாஸ்டர் வீடு என்று சொல்ல முடியாது, திரும்பி வந்துவிடும். எங்கள் வீட்டுக்காரர் என்று சொல்ல முடியாது, அது எல்லோருக்கும் பொது. அவள் வாயைத் திறந்தாள். பெயர் தொண்டை வரைக்கும் ஏறி வந்தது. ஒரு மண்டலம் முழுக்க அந்த மனுஷன் காரணமில்லாமல் தம்பி பெண்டாட்டி முகத்தில் முழித்துக்கொண்டு, பச்சைத் துணி கட்டிய வீட்டில் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. முகத்துக்கு முகம் போட வேண்டாமா என்று அவர் கேட்டது காதில் கேட்டது. அவளுக்கு எரிச்சலாக வந்தது, யார் மேல் என்று தெரியாமல் கொஞ்ச நேரம், அப்புறம் நன்றாகவே தெரிந்து.

"சாந்தாமணி ஊடு," என்றாள். நூல் வெண்ணெயில் கத்தி போன மாதிரி விட்டது.

"அடியே, அது உன்ற பேரு!" என்றார் நாட்ராயன்.

"என்ற பேரு எனக்குத் தெரியாதுங்களா?" பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தாள்; பொத்தான்கள் நாலாபக்கமும் ஓடின, சீட்டு மட்டும் மேசையில் நின்றது. "பாருங்க. எம்பட எழுத்துத்தான். அவரு கேட்டாரு, நாந்தான் எழுதினபடி வெட்டுங்கன்னேன். பாத்தாச்சா? எல்லாரும் பாத்தாச்சா? பாத்துட்டுப் போய் வேலையப் பாருங்க."

யாரும் வேலையைப் பார்க்கவில்லை. அவள் அடுத்த போர்வையை எடுத்தாள். சாந்தாமணி ஊடு, சாந்தாமணி ஊடு என்று ஒவ்வொரு கிளிக்கும் ஒரு தடவை, நாற்பத்தெட்டுத் தடவை, பூஜையில் அர்ச்சனை செய்கிற மாதிரி தன் பெயரைத் தானே சொல்லிப் பிரித்து முடித்தபோது மணி ஐந்தரை. நாற்பத்தெட்டுப் போர்வையிலும் ஒற்றைக் கிளி மட்டும் இருந்தது. வலது பக்கம் பார்க்கிற கிளி நாற்பத்தெட்டு வெட்டித் தைத்தால் போர்வைகள் போய்விடும். சூப்பர்வைசர் வெட்டிப் பார்த்தார். அது கிளியாக வரவில்லை, கோழியாகவும் வரவில்லை.

வியாழக்கிழமை விடிந்தபோது சாந்தாமணி வீட்டில் வலது என்பதே இல்லை. அலமாரியின் இரண்டு கதவுகளும் ஒரே பக்கம் திறந்தன. ரவிக்கையில் இரண்டும் இடது கை. தோசைத் திருப்பியைப் பிடித்த வலது கை, எனக்கென்ன தெரியும் என்கிற மாதிரி தடுமாறியது. வாசலில், அப்புறம் வாங்கியிருந்த புதுச் செருப்பு இரண்டும் இடது. போட்டுப் பார்த்தாள், வலது கால் விரல்களை நசுக்கியது. பழைய ஒற்றைகளில் அவருடைய வலதும் இடதாகத்தான் மாறியிருந்தது, ஆனால் பெரிய செருப்பு, கால் கொள்ளும். தன் இடதையும் அவருடையதையும் மாட்டிக்கொண்டு, வாசலில் பச்சைத் துணி கட்டிவிட்டு, கம்பெனிக்குக் கிளம்பினாள்.

கம்பெனிக்கு வாசலிலிருந்து வலது பக்கம் திரும்ப வேண்டும். கால் இடது பக்கம் திரும்பியது. "சனியனே" என்று காலை வைதாள். வீதி முனையிலும் அது இடது பக்கமே போனது, அடுத்த முனையிலும் இடது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து பார்த்தாள். ஒரு ராத்திரி அந்த வீட்டில் இருந்த கால் அல்லவா, அதுவும் இடதுதான் போவேன் என்றது. செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். பின் வீதியில் கொழுந்தன் வீட்டு வாசலில் குழந்தைவேலு கோயிலுக்குத் தோரணம் வெட்டிக்கொண்டிருந்தார். கலர்க் காகிதத்தை மடித்து, கத்தரியை ஒரு சுற்றுச் சுற்றி விரித்தால் ஜோடி ஜோடியாகக் கிளி. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். மறுபடி இடது, மறுபடி இடது, தன் வீட்டு வாசல், நிற்காமல் மறுபடி இடது. இரண்டாவது சுற்றில் கொழுந்தன் பெண்டாட்டி தனபாக்கியம் வெளியே வந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது சுற்றில் குழந்தைவேலு கத்தரியிலிருந்து கண்ணை எடுக்காமல், காகிதத்திடம் சொல்கிற மாதிரி, "சுத்தறதுன்னா வலமாச் சுத்தோணும்" என்றார்.

அவள் நின்றாள். இடது பக்கம் திரும்பினாள், அது மட்டும் அவளால் முடிந்தது, அவர் வாசலுக்குள் போனாள்.

"சீட்டுல முகம் மேலன்னு எழுதுனது நானுங்க."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சா அன்னிக்கே சொல்றதுக்கென்ன? மூணு மாசமா இப்படி ஊரான் ஊட்ல உக்காந்துக்கிட்டு! செவுத்துக்கு இக்கட்ட நின்னு நான் கத்துனது ஒண்ணும் உங்க காதுல உளுகலையாக்கும்?"

"உளுந்துச்சு. எல்லாம் உளுந்துச்சு," என்றார் குழந்தைவேலு. "இது மட்டும் அதுல இல்லை."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இருபத்துநான்கு வருஷத்தில் முதல் தடவையாக, அவர் பேசி அவள் பேசாமல் நின்றாள். சுவரைப் பார்த்து எத்தனையோ சொன்னோமே, இந்த ஒன்றை, நாலு வார்த்தையை, சொல்லாமல் போனோமே என்று வெட்கமாக இருந்தது. "தப்புத்தானுங்க" என்றாள் கடைசியில், மெதுவாக, பழக்கமில்லாத ஊரில் வழி கேட்கிறவள் மாதிரி. பிறகு அதே மூச்சில், "வலது கிளி நாப்பத்தெட்டு வெட்டோணும். சாயங்காலம் கண்டெய்னர். அந்த சூப்பர்வைசர் வெட்டுனதப் பாத்தீங்கன்னா நோம்பியும் அதுவுமா நாக்கப் புடுங்கிக்குவீங்க" என்றாள்.

குழந்தைவேலு அவள் காலைப் பார்த்தார். தன்னுடைய பெரிய செருப்பு, இடதாக மாறி, அவள் வலது காலில் கோணிக்கொண்டு நின்றதைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் அவளுடைய வலது செருப்பு இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் அறுந்துபோயிருந்த வாரைத் தைத்து வைத்திருந்தார். அந்த வீட்டைச் சேர்ந்ததில் வலது என்று உலகத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அவள் காலை நுழைத்தாள். கால் நேராக நின்றது.

அவள் கழற்றிப் போட்டதை அவர் தன் காலில் மாட்டிக்கொண்டார். இப்போது அவருடைய இரண்டும் இடது. கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு, தனபாக்கியத்திடம் வருகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு, இரண்டு பேருமாக வீதியில் இறங்கினார்கள். முதல் முனை வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. துண்டை இப்படியா போடுவது, சட்டையில் பொத்தான் எங்கே, தம்பி வீட்டில் சோறு போட்டார்களா காற்றைப் போட்டார்களா, ஆள் பாதியாக இருக்கிறீர்களே என்று அவள் கேட்டுக்கொண்டே முன்னால் போனாள். மூன்று மாதத்துப் பாக்கி நிறைய இருந்தது. முனையில் வலது பக்கம் திரும்பிப் பத்தடி நடந்த பிறகுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்கவில்லை என்பது உறைத்தது.

திரும்பிப் பார்த்தாள். குழந்தைவேலு இடது பக்கம் திரும்பி, ஒன்றும் தெரியாத மாதிரி, கையை வீசிக்கொண்டு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார். போனால் சுற்றுவார், இன்னொரு தடவை, இன்னொரு தடவை, நாற்பத்தெட்டு நாளும் சுற்றிக்கொண்டே இருப்பார். "ஏனுங்க!" என்று கூப்பிட்டாள். வீதியில் போன நாலு ஆம்பிளைகள் திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை. "உங்களத்தானுங்க!" என்றாள். அதற்கும் வேறு யாரோதான் நின்றார். கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த பூவாயி நடு வீதியில் நின்று வேடிக்கை பார்த்தாள், நாட்ராயன் மஞ்சப்பையோடு நின்றார், தனபாக்கியம் வாசலுக்கு ஓடி வந்தாள். சாந்தாமணி இரண்டு பக்கமும் பார்த்தாள். என்ன செய்வது, எல்லாம் தலையெழுத்து என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"குழந்தைவேலு! வலது பக்கமுங்க! வலது பக்கம்!"

மின்கம்பத்துக் காக்கை பறந்தது. பூவாயி கையிலிருந்த தூக்குப்போசி கீழே விழுந்தது. இரண்டு இடது செருப்புகளோடு நடந்துகொண்டிருந்த மனுஷன் நின்றார். "சத்தம் போடாதே அம்மிணி, வந்துட்டுத்தான் இருக்கறேன்" என்றார். என்றுவிட்டு, வலது பக்கம் திரும்பினார்.